மோட்டார் உதறினால் பேரிங்கை மட்டும் குறை சொல்லாதீர்கள்

பூச்சி, நோய், உரம் என்று வழக்கமாக வரும் கேள்விகளுக்கு நடுவே, இந்த முறை மூன்று கடிதங்கள் ஒரே விஷயத்தைப் பற்றி வந்திருக்கின்றன. மூன்றிலும் சுழலும் இயந்திரம் ஒன்று உதறுகிறது. ஒன்று வீட்டிலேயே கட்டிய மோட்டார், இன்னொன்று கிணற்று மோட்டார், மற்றொன்று தட்டு நறுக்கும் மெஷின். விளக்கமாகச் சொல்ல வேண்டியிருப்பதால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்கு வைத்துக்கொண்டு, இந்த மூன்றுக்கும் இங்கே பதில் தருகிறேன்.

கேள்வி: என் மகன் ஐ.டி.ஐ. படிக்கிறான். பழைய இரும்புக் குழாய்த் துண்டின் மேல் காந்தங்களை ஒட்டி, காயிலும் தானே சுற்றி ஒரு மோட்டார் செய்திருக்கிறான். பேட்டரியில் ஓடுகிறது. அதில் விசிறி மாட்டினால் களத்தில் காற்று இல்லாத நாளிலும் நெல்லும் உளுந்தும் தூற்றலாம் என்பது அவன் எண்ணம். 600 சுற்று வரை நன்றாக ஓடுகிறது. 900-ஐ நெருங்கும்போது ஸ்டாண்டு தரையில் நடக்கிற அளவுக்கு உதறுகிறது. அதைத் தாண்டினால் கொஞ்சம் குறைகிறது. என் வீட்டுக்காரர் "யாருக்காவது அடிபடும், தூக்கிப் போடு" என்கிறார். மகன் கேட்க மாட்டேன் என்கிறான். இருவரில் யார் சொல்வது சரி?
- ஒரு தாய், ஒரத்தநாடு பகுதி, தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: சகோதரி, இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. உங்கள் வீட்டுக்காரர் பயப்படுவது சரி. இப்போது இருக்கிற நிலையில் அந்த மோட்டாரை வேகமாக ஓட்டக் கூடாது. ஆனால் தூக்கிப் போடவும் வேண்டாம். 1937-ல் ஜி.டி. நாயுடு, டி. பாலசுந்தரம் நாயுடு ஆகியோரின் முயற்சியில், இந்தியாவில் செய்யப்பட்ட முதல் மின் மோட்டார் கோயம்புத்தூர் பீளமேட்டில் இருந்த பட்டறையிலிருந்துதான் வந்தது. பட்டறையில் கைப்பழக்கமாகத் தொடங்கிய வேலைதான் பிறகு தொழிலாக வளர்ந்தது. உங்கள் மகன் முறையாகச் செய்யட்டும்.

உதறல் ஏன் வருகிறது என்பதை முதலில் பார்ப்போம். கவணில் கல்லை வைத்துச் சுற்றும்போது கை வெளிப்பக்கம் இழுபடுவது எல்லோருக்கும் தெரியும். சுழலும் பாகத்தில் ஒரு பக்கம் எடை கூடியிருந்தாலும் அதே இழுப்புதான். கல் சுற்றிச் சுற்றி வருவதால் இழுப்பும் எல்லாத் திசைக்கும் மாறி மாறிப் போகிறது. அதுதான் உதறல்.

வேகம் இரண்டு மடங்கானால் இந்த இழுப்பு நான்கு மடங்காகும். கணக்காகவே சொல்கிறேன். மையத்திலிருந்து 10 செ.மீ. தள்ளி வெறும் 10 கிராம் எடை கூடுதலாக இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 1440 சுற்றில் அது சுமார் 2.3 கிலோ எடையின் அளவுக்கு இழுக்கும். 2880 சுற்றில் அதே 10 கிராம் 9 கிலோவுக்கு மேல் இழுக்கும். "மெதுவாக ஓட்டினால் சரியாக இருக்கிறதே" என்று பலர் ஏமாறுவது இதனால்தான்.

உங்கள் மகனின் மோட்டாரில் இதோடு இரண்டு விஷயங்கள் சேர்ந்திருக்கின்றன.

முதலாவது, காந்தம். 30 கிராம் காந்தம் ஒன்று மையத்திலிருந்து 5 செ.மீ. தள்ளி ஒட்டப்பட்டிருந்தால், 1000 சுற்றில் அதைப் பிய்த்தெறியப் பார்க்கும் விசை ஒன்றரைக் கிலோவுக்கு மேல். 3000 சுற்றில் 15 கிலோ. வெறும் பசையை நம்பி இதை ஓட்டக் கூடாது. காந்தங்களுக்கு மேலே கண்ணாடி நார் நாடாவை எபாக்ஸி பசையில் நனைத்து, இழுத்துப் பிடித்து இறுக்கமாகச் சுற்றி, நன்றாகக் காய விட வேண்டும். நாடாவின் தடிமன் ஸ்டேட்டாரில் உரசாத அளவுக்கு இடைவெளி இருக்கிறதா என்று முன்பே அளந்துகொள்ள வேண்டும்.

இரண்டாவது, ஸ்டாண்டு. 900 சுற்றில் அதிகமாக ஆடி, அதைத் தாண்டினால் குறைகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். ஊஞ்சலை அதன் தாளத்துக்குத் தள்ளினால் சின்னக் குழந்தை தள்ளினாலும் உயரமாகப் போகும். தாளம் தப்பினால் பெரியவர் தள்ளினாலும் போகாது. ஒவ்வொரு ஸ்டாண்டுக்கும் அப்படி ஒரு தாளம் உண்டு. உங்கள் ஸ்டாண்டின் தாளமும் மோட்டாரின் சுற்றும் 900-ல் ஒத்துப்போகின்றன. கால்களுக்குக் குறுக்கே ஆங்கிள் வைத்து பற்றவைத்து, தரையில் போல்ட்டு போட்டு இறுக்கினால் அந்தத் தாளம் மேலே தள்ளிப் போகும். ஆனால் இது பாதித் தீர்வுதான். எடை வித்தியாசத்தையும் சரி செய்தாக வேண்டும்.

அதற்கு மூன்று படிகள் சொல்கிறேன்.

படி 1: எடை போடுதல். இன்னும் காந்தம் ஒட்டாத ரோட்டார் செய்வதாக இருந்தால், ஒவ்வொரு காந்தத்தையும் நகைக்கடையில் வைத்திருப்பது போன்ற சின்ன மின்னணுத் தராசில் எடை போட்டு எழுதிக்கொள்ளட்டும். ஒரே எடை உள்ளவற்றை எதிரெதிரே ஒட்ட வேண்டும். பசையையும் அளந்து சமமாகத் தடவ வேண்டும். ஒரு பக்கம் வழிந்து உறைந்த பசைகூட உதறல் தரும். ஏற்கெனவே ஒட்டியாகிவிட்டது என்றால் நேராக அடுத்த படிக்குப் போகலாம்.

படி 2: நிறுத்திச் சமன் பார்த்தல். ரோட்டாரைக் கழற்றி, ஷாஃப்ட்டின் இரு முனைகளையும் இரண்டு வழவழப்பான நேர்ப் பட்டைகளின் மேல் வைத்து மெதுவாக உருட்ட வேண்டும். பட்டைகள் ரசமட்டத்தில் சரியாக இருக்க வேண்டும். கனமான பக்கம் கீழே வந்து நிற்கும். அங்கே சாக்பீஸில் குறி போட்டு, வேறு இடத்திலிருந்து மறுபடி உருட்டுங்கள். மூன்று முறையும் அதே இடம் கீழே வந்தால் அதுதான் கனமான பக்கம். அதற்கு நேர் எதிரே கொஞ்சம் கொஞ்சமாக மெழுகை ஒட்டி, எங்கே விட்டாலும் அங்கேயே நிற்கும் நிலைக்குக் கொண்டு வாருங்கள். பிறகு மெழுகை எடுத்து எடை போட்டு, அதே எடைக்கு நிரந்தரமான ஒன்றை அதே இடத்தில் பொருத்த வேண்டும். மெழுகோடு மோட்டாரை ஓட்டக் கூடாது.

காந்த ரோட்டாருக்கு ஒரு முக்கியக் குறிப்பு. இரும்புப் பட்டை வைத்தால் காந்தம் அதைப் பிடித்துக்கொண்டு பொய்க் கணக்குக் காட்டும். அலுமினியப் பட்டை அல்லது கிரானைட் துண்டுகள் வையுங்கள். ஒரு முழத்துக்குள் இரும்புச் சாமான் எதுவும் இருக்கக் கூடாது.

படி 3: சுழற்றிச் சமன் பார்த்தல். நிறுத்திப் பார்ப்பதில் ஒரு குறை உண்டு. ஓர் உலக்கையின் இந்த முனையில் இடப்பக்கம் கால் கிலோ, அந்த முனையில் வலப்பக்கம் கால் கிலோ கட்டி உருட்டிப் பாருங்கள். இரண்டும் ஒன்றையொன்று ஈடு செய்வதால் எங்கே விட்டாலும் நிற்கும். ஆனால் வேகமாகச் சுழற்றினால் ஒரு முனை இடப்பக்கமும் மறு முனை வலப்பக்கமும் இழுக்கும். உலக்கை குறுக்கே துள்ளும். நீளமான ரோட்டாரில் இப்படி மறைந்திருக்கும் குறையைச் சுழற்றித்தான் கண்டுபிடிக்க முடியும். இதைத்தான் பட்டறைகளில் டைனமிக் பேலன்சிங் என்கிறார்கள்.

பாகத்தின் அகலம் விட்டத்தில் பாதிக்கும் குறைவாகவும், வேகம் 1000 சுற்றுக்குள்ளும் இருந்தால் நிறுத்திப் பார்த்த சமனே பெரும்பாலும் போதும். விசிறி, புல்லி, சக்கரம் போன்றவை இந்த வகை. ரோட்டார் அப்படியில்லை. பெரிய ரீவைண்டிங் பட்டறைகளிலும் பம்பு தயாரிக்கும் ஊர்களிலும் பேலன்சிங் மெஷின் இருக்கும். ரோட்டாரை உருளைகளின் மேல் வைத்துச் சுழற்றினால், எந்த முனையில், எந்தக் கோணத்தில், எத்தனை கிராம் வித்தியாசம் என்று மெஷின் காட்டிவிடும். காந்த ரோட்டார் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். இரும்புத் தூள் ஒட்டாதபடி தாளோ நாடாவோ சுற்றிக் கொடுங்கள்.

ரோட்டார் சமனான பிறகு, விசிறியைப் படி 2-ன்படி தனியாகச் சரி செய்து மாட்டுங்கள். மாட்டிய பிறகும் கொஞ்சம் ஆட்டம் மிஞ்சினால் உங்கள் மகன் ஐ.டி.ஐ.-யில் கற்ற வரைபடக் கணக்கைக் கொண்டே தீர்க்கலாம். இதற்குப் படிப்பும் பொறுமையும் போதும்.

அதிர்வை அளக்கும் செயலி உள்ள செல்போனை ஸ்டாண்டில் அசையாமல் கட்டுங்கள். 700 சுற்றில் ஓட்டி அளவைக் குறியுங்கள். 900 வேண்டாம், அங்கே ஸ்டாண்டின் தாளம் குழப்பும். அளவு 6 என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். விசிறியின் மையத் தட்டில் சம தூரத்தில் மூன்று துளைகள் போட்டு அ, ஆ, இ என்று பெயரிடுங்கள். 10 கிராம் போல்ட்டு நட்டு வாஷரை அ-வில் இறுக்கி அதே 700 சுற்றில் அளவு எடுங்கள். பிறகு ஆ-வில், பிறகு இ-யில். அ-வில் 5.3, ஆ-வில் 5.3, இ-யில் 10 என்று வந்தால், எடை அ-வுக்கும் ஆ-வுக்கும் நடுவே தேவைப்படுகிறது என்று பார்த்தவுடனேயே தெரிகிறது.

எவ்வளவு எடை என்பதற்குத் தாளில் 6 செ.மீ. ஆரத்தில் ஒரு வட்டம் போடுங்கள். அதன் விளிம்பில் அ, ஆ, இ புள்ளிகளைக் குறியுங்கள். அ-வை மையமாக வைத்து 5.3, ஆ-வை மையமாக வைத்து 5.3, இ-யை மையமாக வைத்து 10 செ.மீ. ஆரத்தில் மூன்று வட்டங்கள் வரையுங்கள். மூன்றும் ஓரிடத்தில் சந்திக்கும். முதல் வட்டத்தின் மையத்திலிருந்து அந்த இடம் எத்தனை செ.மீ. என்று அளந்தால் 4 வரும். 10 கிராமை 6-ஆல் பெருக்கி 4-ஆல் வகுத்தால் 15 கிராம். மையத்திலிருந்து அந்தச் சந்திப்புப் புள்ளி இருக்கும் திசையில், அதாவது அ-வுக்கும் ஆ-வுக்கும் நடுவே, துளைகள் இருக்கும் அதே தூரத்தில் 15 கிராம் வைத்தால் உதறல் அடங்கும்.

ஒவ்வொரு முறையும் போல்ட்டை ஸ்பேனரால் இறுக்கிய பிறகே ஓட்ட வேண்டும். விசிறிக்குக் கம்பி வலை இல்லாமல் ஒரு சுற்றுகூட வேண்டாம். முதல் ஓட்டத்தின்போது விசிறிக்கு நேர்ப் பக்கவாட்டில் யாரும் நிற்கக் கூடாது. மணல் மூட்டைகளைச் சுற்றி அடுக்கி, சுவிட்சைத் தூரத்தில் வைத்து இயக்கட்டும். அப்பாவும் பக்கத்தில் இருந்து பார்த்தால் அவருக்கும் பயம் போகும்.

கேள்வி: கிணற்று மேட்டில் கப்ளிங் போட்ட 5 எச்.பி. மோட்டார், 1440 சுற்று. எரிந்துபோனதால் காயில் கட்டினேன். அதிலிருந்து உதறுகிறது. ஆறு மாதத்தில் மூன்று முறை பேரிங் மாற்றிவிட்டேன். நிலக்கடலை பூவிடும் சமயத்தில் மோட்டார் நின்று நான்கு நாள் தண்ணீர் கட்ட முடியவில்லை. "புது மோட்டார் வாங்குங்கள்" என்கிறார் மெக்கானிக்.
- வாசகர், திண்டிவனம் பகுதி, விழுப்புரம் மாவட்டம்

பதில்: நிலக்கடலைக்குப் பூவிடும் பருவத்திலும் விழுது இறங்கும் பருவத்திலும் தண்ணீர் தவறினால் காய் பிடிப்பு குறையும். உங்கள் கவலை புரிகிறது. புது மோட்டாருக்கு அவசரப்படாதீர்கள்.

காயில் கட்டுவது அசையாமல் இருக்கும் ஸ்டேட்டாரில். சுழல்வது ரோட்டார். ஆகவே காயில் கட்டியதால் மட்டும் ரோட்டாரின் எடைச் சமன் கெடாது. கழற்றி மாட்டும்போது வேறு ஏதோ நடந்திருக்கிறது. பேரிங் நோய் அல்ல, நோயின் அறிகுறி. பேரிங் மேல் விழும் சுமை இரண்டு மடங்கானால் அதன் ஆயுள் எட்டில் ஒரு பங்காகக் குறையும். காரணம் உள்ளே இருக்கும்வரை எத்தனை பேரிங் போட்டாலும் அது தின்றுகொண்டேதான் இருக்கும். கீழ்க்கண்ட வரிசையில் பாருங்கள்.

1. ஃபியூஸ் கேரியரைப் பிடுங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள். கப்ளிங்கைக் கழற்றிவிட்டு, பிறகு மோட்டாரைத் தனியாக ஓட்டிப் பாருங்கள். உதறல் நின்றுவிட்டால் குறை மோட்டாரில் இல்லை. பம்பிலோ, கப்ளிங் நேர்கோட்டில் இல்லாததிலோ இருக்கிறது. கப்ளிங்கின் மேல், கீழ், இரு பக்கம் ஆகிய நான்கு இடத்திலும் இரும்பு ஸ்கேல் வைத்து இடைவெளி சமமா என்று பாருங்கள். பம்புக்குள் கூழாங்கல் உருளுவது போலச் சத்தம் வந்தால், கிணற்றில் நீர்மட்டம் இறங்கியிருக்கலாம் அல்லது ஃபுட் வால்வு அடைத்திருக்கலாம்.

2. தனியாக ஓட்டியும் உதறினால், ஓடும்போதே சுவிட்சை நிறுத்துங்கள். கரண்ட் போன அந்த நொடியே உதறல் நின்றால் குறை மின்சாரத்தில் இருக்கிறது. மூன்று ஃபேஸ் வோல்டேஜும் சமமா, காயில் இணைப்பு சரியா என்று பாருங்கள். வோல்டேஜில் 1 சதவீத வித்தியாசம் இருந்தாலே ஆம்ப்ஸில் 6 முதல் 10 சதவீதம் வரை வித்தியாசம் காட்டும். வேகம் குறையக் குறைய உதறலும் மெல்ல அடங்கினால் குறை எடைச் சமனிலோ ஷாஃப்ட்டிலோ இருக்கிறது.

3. அடித்தள போல்ட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்திப் பாருங்கள். தளர்த்தியவுடன் மோட்டாரின் கால் மேலே எழும்பினால் அந்தக் கால் தரையில் சரியாக உட்காரவில்லை என்று பொருள். அந்த இடைவெளிக்கு ஏற்ற தகட்டை வைத்து இறுக்குங்கள்.

4. பின்பக்கக் குளிர்விப்பு விசிறியில் இறக்கை உடைந்திருக்கிறதா பாருங்கள். கப்ளிங் சாவி பழையதைவிட நீளமாகப் போடப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். இரண்டுமே எடைச் சமனைக் கெடுக்கும்.

5. பேரிங் உட்காரும் இடத்தில் ஷாஃப்ட் தேய்ந்திருந்தால், சிலர் பஞ்ச் குத்தி மேடாக்கி பேரிங்கை இறுக்குவார்கள். அது சில வாரங்களே தாங்கும். மையமும் விலகிப்போகும். லேத்தில் அந்த இடத்தில் மெட்டல் ஏற்றி அளவுக்குக் கடைவதுதான் சரி. ஷாஃப்ட் வளைந்திருக்கிறதா என்று அங்கேயே டயல் கேஜ் வைத்துப் பார்த்துவிடலாம். பேரிங் ஏற்றும்போது வெளி வளையத்தில் சுத்தியலால் அடிக்க விடாதீர்கள். உள் வளையத்தின் மேல் குழாய் வைத்து அழுத்தி ஏற்ற வேண்டும்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் உதறினால் ரோட்டாரைப் பேலன்சிங் கொடுங்கள். எந்த அளவு நுணுக்கம் தேவை என்பதற்கு ஒரு கணக்கு. மின் மோட்டாருக்கான சர்வதேசத் தர அளவு ஜி 2.5. உங்கள் ரோட்டார் 10 கிலோ இருந்தால், 1440 சுற்றில், மையத்திலிருந்து 5 செ.மீ. தூரத்தில் ஒவ்வொரு முனையிலும் சுமார் 1.7 கிராம் வித்தியாசம்தான் அனுமதி. ஒரு ரூபாய் நாணயத்தின் எடையைவிடக் குறைவு. கையால் உருட்டிப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது.

பட்டறையில் மூன்று விஷயங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஷாஃப்ட்டில் சாவிப் பள்ளத்தை அரைச் சாவி வைத்து நிரப்பித்தான் பார்த்தார்களா? எடையை ரோட்டாரின் இரு முனை அலுமினிய வளையங்களில்தான் கூட்டினார்களா, குறைத்தார்களா? ஷாஃப்ட்டிலோ இரும்புத் தகட்டு அடுக்கிலோ துளை போடவோ வெல்டிங் வைக்கவோ கூடாது. சரி செய்த பிறகு மெஷின் காட்டிய அளவு என்ன? அதை ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் ஷாஃப்ட் வளைவு நிமிராது, ரோட்டார் கம்பிகள் உடைந்துவிட்டன என்று தெரிந்தால் அப்போது புது மோட்டார் பற்றி யோசிக்கலாம். வாங்குமுன் உங்கள் பகுதி வேளாண்மைப் பொறியியல் துறை உதவி செயற்பொறியாளர் அலுவலகத்தில், மோட்டார் மாற்ற நடப்பு ஆண்டில் மானியம் உண்டா என்று கேளுங்கள். வாங்கிய பிறகு கேட்டால் பயன் இருக்காது.

கேள்வி: தட்டு நறுக்கும் மெஷினில் ஒரு பிளேடு உடைந்து, அதை மட்டும் புதிதாக மாற்றினோம். அன்று முதல் மெஷின் துள்ளுகிறது. சக்கரத்தில் இரும்புத் துண்டு ஒன்றைப் பற்றவைத்தால் சரியாகுமா?
- வாசகி, மேச்சேரி பகுதி, சேலம் மாவட்டம்

பதில்: பற்றவைக்காதீர்கள் அம்மா. எவ்வளவு எடை, எந்த இடம் என்று தெரியாமல் வைக்கும் துண்டு உதறலைக் கூட்டவும் செய்யும். பற்று விட்டால் அது தெறித்து வரும். பல முறை சாணை பிடித்துத் தேய்ந்த பழைய பிளேடுக்கும், தேயாத புதுப் பிளேடுக்கும் எடை வித்தியாசம் இருக்கிறது. அதுதான் காரணம். பிளேடுகளை எப்போதும் ஜோடியாக மாற்றுங்கள். போல்ட்டு, வாஷரோடு சேர்த்து எடை போட்டு, இரு பக்கமும் ஒரே எடை இருக்கும்படி பாருங்கள். சாணை பிடித்தாலும் இரண்டையும் சேர்த்தே பிடிக்க வேண்டும். அதன் பிறகும் துள்ளினால் சக்கரத்தைக் கழற்றி, முதல் கேள்விக்குச் சொன்ன படி 2-ன்படி பட்டையில் உருட்டிப் பாருங்கள். இது அகலம் குறைந்த சக்கரம் என்பதால் அதுவே போதும். காந்தம் இல்லாததால் இரும்புப் பட்டையே வைக்கலாம்.

சுழலும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் போகும்போது சேலைத் தலைப்பையும் தோள் துண்டையும் இழுத்துச் செருகிக்கொள்ளுங்கள். பெல்ட்டுக்கு மூடி இல்லாவிட்டால் அதை முதலில் போடுங்கள்.

மாதம் ஒரு முறை, மோட்டார் ஓடும்போது அதன் உடம்பில் புறங்கையை வைத்துப் பாருங்கள். அதற்கு முன் எர்த் சரியாக இருப்பதை உறுதி செய்துகொள்ள வேண்டும். சென்ற மாதத்தைவிட அதிர்வோ சூடோ கூடியிருந்தால், பயிர் தண்ணீர் கேட்கும் பருவம் வருமுன் மேலே சொன்ன வரிசையில் பார்த்துவிடுங்கள்.

அடுத்த இதழில் கத்தரியில் தண்டுத் துளைப்பான் பற்றி வந்திருக்கும் கேள்விகளுக்குப் பதில் தருகிறேன். மோட்டார் பற்றி மேலும் கேட்க விரும்புவோர், மோட்டாரின் எச்.பி., சுற்று, எப்போது உதறத் தொடங்கியது, சுவிட்சை நிறுத்தினால் உதறல் உடனே நிற்கிறதா, மெல்ல நிற்கிறதா என்ற விவரங்களையும் சேர்த்து எழுதுங்கள்.